பி.சி.டி. கட்டம் காலியா? ஆட்டோலிஸ்ப் டயலாகிலேயே பிடிப்பது எப்படி

ராணிப்பேட்டை சிப்காட் பக்கம் ஃபேப்ரிகேஷன் ஷெட்டுகளுக்கு டிராயிங் போட்டுக் கொடுப்பது என் வேலை. தோல் ஷெட்டுக்குப் பைப், பாய்லருக்கு டக்ட், எது வந்தாலும் முனையில் ஒரு பிளாஞ்ச் (போல்ட் போட்டு இணைக்கும் வளையம்) நிற்கும். அதற்கு ஆட்டோகேடில் ஓடும் ஒரு லிஸ்ப் (ஆட்டோலிஸ்ப் மொழியில் எழுதிய சின்ன நிரல்) வைத்திருக்கிறேன். ஓட்டினால் டயலாக் பாக்ஸ் வரும்: வெளிவிட்டம், உள்விட்டம், பி.சி.டி. (ஓட்டைகளின் மையங்கள் அமையும் வட்டத்தின் விட்டம்), ஓட்டை எண்ணிக்கை, ஓட்டை விட்டம், தடிமன், மெட்டீரியல், கடைசியில் குறிப்பு. 100 மி.மீ. பைப்புக்கான பி.என். 16 (அழுத்த வகை) பிளாஞ்சை எடுத்துக்கொள்வோம்: வெளியே 220, பி.சி.டி. 180, 18 மி.மீ.யில் 8 ஓட்டை. உள்ளே 115, தடிமன் 20 என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இதில் ஒரு கட்டத்தை நிரப்பாமல் ஓகே அழுத்தினால் என்ன ஆகும்? அது எந்தக் கட்டம் என்பதைப் பொறுத்தது.

கட்டத்தில் இருப்பதை எடுக்கும் கெட்_டைல் எப்போதும் எழுத்துச் சரத்தைத்தான் தரும். காலியாக இருந்தால் வெற்றுச் சரம் வரும், நில் (மதிப்பே இல்லை என்பதற்கான லிஸ்ப் சொல்) வராது. அதனால் 'நில்லா' என்று கேட்கிற சோதனை இங்கே எதையும் பிடிக்காது. அந்த வெற்றுச் சரத்தைத் தசம எண்ணாக்கும் ஏடிஓஎஃப்பிடம் கொடுத்தால் 0.0 என்றும், முழு எண்ணாக்கும் ஏடிஓஐயிடம் கொடுத்தால் 0 என்றும் சத்தமில்லாமல் மாற்றித் தந்துவிடும். நிரப்பாத கட்டமும் பூஜ்யம் போட்ட கட்டமும் அதோடு ஒன்றாகிவிடும்.

ஓட்டை எண்ணிக்கை காலி என்றால் கவலை இல்லை. முழு வட்டக் கோணத்தைப் பூஜ்யத்தால் வகுக்கப் போய் லிஸ்ப் அங்கேயே பிழை காட்டி நின்றுவிடும். பி.சி.டி. அப்படி இல்லை. மையத்திலிருந்து பூஜ்யம் தூரத்தில் எட்டு வட்டமும் விழும், ஒன்றின் மேல் ஒன்றாக. 115 உள்விட்டத்துக்கு நடுவில் 18 மி.மீ. வட்டம் ஒன்று மட்டும் இருப்பது போலத் திரையில் தெரியும். ஒன்றை அழித்தால் அடியில் இன்னொன்று இருக்கும். வெட்டும் இடத்திலிருந்து போன் வரும்: "இன்னாண்ணே, டேபிள்ல எட்டு ஓட்டைன்னு கீது, பிளேட்ல ஒண்ணுகூட காணோமே?" அவர் கேட்டதால் பிளேட் பிழைக்கும். எல்லாரும் கேட்க மாட்டார்கள்.

தடிமன் இன்னும் மோசம். படத்தில் எந்தக் கோடும் மாறாது. எடைக் கணக்கு மட்டும் பூஜ்யம் ஆகும். ஓட்டைகளைக் கழித்து ஸ்டீலுக்குக் கிட்டத்தட்ட 4 கிலோ வர வேண்டிய இடம் அது. கிலோ கணக்கில் ரேட் பேசுகிற ஊரில் அந்த ஒரு எண் போதும்.

சிலர் மாற்றும் வேலையே வேண்டாம் என்று சரத்தை அப்படியே கமாண்டுக்கு அனுப்புவார்கள். செய்யாதீர்கள். கமாண்டுக்கு வெற்றுச் சரம் என்றால் என்டர் என்று பொருள். சர்க்கிள் கமாண்ட் ஆரம் கேட்கும்போது என்டர் விழுந்தால், கடைசியாக வரைந்த வட்டத்தின் ஆரத்தையே எடுத்துக்கொள்ளும். போன பிளாஞ்சின் ஓட்டை இந்தப் பிளாஞ்சில் வந்து உட்காரும், பார்க்கவும் சரியாகவே இருக்கும்.

சரி, எப்படிப் பிடிப்பது? எண்ணாக மாற்றுவதற்கு முன்னால், பெட்டி மூடுவதற்கும் முன்னால் பிடிக்க வேண்டும். பெட்டியை மூடும் டன்_டயலாக் ஓடிய பிறகு கெட்_டைல் வேலை செய்யாது. அதனால் ஓகே பொத்தானுக்கு ஆக்‌ஷன்_டைல் வழியாக உங்கள் சோதனை ஃபங்ஷனைக் கட்டுங்கள். எல்லாம் சரி என்றால் மட்டும் அந்த ஃபங்ஷனே மதிப்புகளை எடுத்து வைத்துக்கொண்டு டன்_டயலாகுக்கு 1 கொடுத்துக் கூப்பிடட்டும். குறை இருந்தால் கூப்பிடவே கூடாது, பெட்டி திறந்தே இருக்கும். ஒவ்வொரு கட்டத்துக்கும் தனித்தனியாகச் சோதனை வைத்தால் போதாதா என்று கேட்பார்கள். போதாது. கர்சர் போகாத கட்டத்தின் ஆக்‌ஷன் ஓடவே ஓடாது, நமக்கு வேண்டியதோ அந்தத் தொடாத கட்டம்தான்.

சோதனைக்குள் முதல் வேலை, விஎல்-ஸ்ட்ரிங்-ட்ரிம் கொண்டு இரண்டு பக்க இடைவெளியையும் வெட்டுவது. ஸ்பேஸ் பார் ஒரு தட்டு பட்டாலும் சரம் வெற்று இல்லை என்று ஆகிவிடும், கண்ணுக்குத் தெரியாது. அப்புறம் வெற்றா என்று பாருங்கள். அடுத்து எண்ணாக மாற்ற ஏடிஓஎஃப்புக்குப் பதில் டிஸ்டாஃப்பை முறை 2 (தசம எண்) கொடுத்துப் பயன்படுத்துங்கள். எண் அல்லாததற்கு அது நில் தரும். '18எம்எம்' என்று யாராவது அடித்தால் ஏடிஓஎஃப் 18 என்று எடுத்துக்கொண்டு போய்விடும், டிஸ்டாஃப் மறுக்கும். எனக்கு மறுப்பதுதான் பிடிக்கும். வந்த எண் பூஜ்யத்துக்கு மேலா என்று பார்த்துவிட்டு, பி.சி.டி.யோடு ஓட்டை விட்டத்தைக் கூட்டினால் வெளிவிட்டத்துக்குள் அடங்குகிறதா, கழித்தால் உள்விட்டத்தைத் தாண்டுகிறதா என்றும் ஒரு பார்வை.

குறை கண்ட இடத்தில் அலர்ட் பெட்டியை எழுப்பாதீர்கள், அதை மூட இன்னொரு கிளிக். பெட்டியின் அமைப்பை எழுதி வைக்கும் டிசிஎல் கோப்பில் ஓகே, கேன்சல் வரிசைக்குக் கீழே எர்டைல் என்று ஒரு வரி சேர்த்தால் போதும். செட்_டைல் மூலம் 'எரர்' என்ற கீக்கு (டிசிஎல்லில் ஒவ்வொரு கட்டத்துக்கும் வைக்கும் பெயர்) செய்தியை அனுப்பினால் பெட்டியின் அடியில் தெரியும். கூடவே மோட்_டைலுக்கு அந்தக் கட்டத்தின் கீயையும் 2 என்ற எண்ணையும் கொடுங்கள். கர்சர் நேராகக் காலிக் கட்டத்தில் போய் நிற்கும். 'ஏதோ விடுபட்டது' என்று எழுதாமல் 'பி.சி.டி. போடவும்' என்று எழுதுங்கள்.

எல்லாக் காலியும் தப்பு இல்லை. குறிப்பு காலியாக இருக்கலாம், அப்போது அந்த வரியை வரையாமல் விட்டால் சரி. மெட்டீரியலுக்கு எம்.எஸ். (மைல்ட் ஸ்டீல்) என்று முன்கூட்டியே நிரப்பி வைப்பதும் நியாயம். போன முறை போட்ட பி.சி.டி.யையும் தடிமனையும் மறுபடி நிரப்பிக் காட்டும் வசதியை மட்டும் நான் வைக்க மாட்டேன். காலிக் கட்டத்தையாவது சோதனை பிடிக்கும், பழைய எண்ணை எது பிடிக்கும்?

கேன்சலை இதோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். பெட்டியைத் திறக்கும் ஸ்டார்ட்_டயலாக் திருப்பித் தரும் எண் 1 என்றால்தான் வரைய வேண்டும். கேன்சல் அழுத்தினாலும் மூலையில் உள்ள பெருக்கல் குறியை அழுத்தினாலும் 0 வரும். வேரியபிள்களில் பழைய மதிப்பு கிடந்தாலும் அங்கேயே வெளியேறிவிடுங்கள். டிசிஎல் கோப்பை இறக்கிவிடும் அன்லோட்_டயலாக் இரண்டு வழியிலும் ஓடட்டும்.

டயலாக் இல்லாமல் கமாண்ட் வரியில் கேட்பவர்களுக்கு வேலை சுலபம். எண் கேட்கும் கெட்ரியலுக்கு முந்தின வரியில் இனிட்கெட் 7 போட்டால் என்டர், பூஜ்யம், மைனஸ் மூன்றையும் ஆட்டோகேடே திருப்பி அனுப்பும். எழுத்து கேட்கும் கெட்ஸ்ட்ரிங்குக்கு இனிட்கெட் செல்லாது. அங்கே என்டர் தட்டினால் அதே வெற்றுச் சரம்தான் வரும், ட்ரிம் செய்து நீங்களே பார்த்துக்கொள்ள வேண்டும்.