எதிரணி மாட்டிக்கொண்டதும் ரசிகர்கள் செய்யும் தவறுகள்

நவம்பர் கடைசி வாரத்தில் ஒஹையோ மாநிலத்தின் தலைநகரான கொலம்பஸுக்கு வந்தால் ஒரு கூத்தைப் பார்க்கலாம். ஒஹையோ ஸ்டேட் பல்கலைக்கழக வளாகத்தில் பெயர்ப்பலகை, கட்டட வாசல், வழிகாட்டி என எங்கெல்லாம் ஆங்கில 'எம்' எழுத்து இருக்கிறதோ, அங்கெல்லாம் அதன்மேல் சிவப்பு டேப்பைக் குறுக்காக ஒட்டி மறைத்திருப்பார்கள். எம் என்றால் மிச்சிகன், வடக்கே பக்கத்து மாநிலத்தின் பல்கலைக்கழகம். அந்தப் பெயரைக்கூட வாயால் சொல்ல மாட்டார்கள். 'வடக்கே இருக்கிற அந்த டீம்' என்பார்கள். 1835-ல் டொலீடோ ஊர் யாருக்கு என்று இரண்டு பக்கமும் ஆயுதத்தோடு எல்லையில் போய் நின்றவர்களின் வாரிசுகள். அந்தக் கோபத்தை இப்போது வருஷத்துக்கு ஒருமுறை மைதானத்தில் தீர்த்துக்கொள்கிறார்கள்.

நான் சொல்வது நம் ஊரில் காலால் உதைக்கும் கால்பந்து அல்ல. பந்தைக் கையில் இடுக்கிக்கொண்டு ஓடி, மோதி, விழுந்து எழும் அமெரிக்கக் கால்பந்து. ஆடுபவர்கள் கல்லூரி மாணவர்கள்தான். ஆனால் பார்க்க வருகிறவர்கள் லட்சம் பேருக்கு மேல், இரண்டு ஊரிலும். கொலம்பஸில் குடியேறிய புதிதில் எனக்கு இது ஒன்றுமே புரியவில்லை. மூன்றாவது வருஷம் சிவப்புச் சட்டை வாங்கிவிட்டேன்.

2023 அக்டோபர் 19 அன்று அந்தச் செய்தி வந்தது. எதிரணிகளின் சைகைகளைத் திருடியதாக மிச்சிகன் மீது என்.சி.ஏ.ஏ. விசாரணை. (அமெரிக்கக் கல்லூரி விளையாட்டுக்கெல்லாம் அதுதான் தலைமை அமைப்பு.) நான் செய்த முதல் வேலை, மிச்சிகன் பல்கலைக்கழகம் இருக்கும் ஊரான ஆன் ஆர்பர் பக்கம் வசிக்கும் என் பழைய கல்லூரித் தோழனுக்கு மெசேஜ் போட்டது: "மச்சான், ரெண்டு வருஷமா எங்களை இப்படித்தான் ஜெயிச்சீங்களா?" உடனே பதில் வந்தது: "மொதல்ல என்ன தப்புன்னு படிச்சுட்டு வாடா."

அவன் சொன்னது சரி. நான் படிக்கவில்லை. எதிரணி மாட்டிக்கொண்டால் ரசிகன் செய்கிற முதல் தவறு இதுதான், மற்றதெல்லாம் இதிலிருந்து கிளைவிடுவதுதான். தலைப்பில் 'திருட்டு' என்று இருந்தால் போதும், என்ன திருடினார்கள், எந்த விதி என்று யாரும் கேட்பதில்லை.

இந்த விஷயத்தில் அந்தக் கேள்விதான் எல்லாமே. கல்லூரி ஆட்டத்தில் ஒவ்வொரு முறை பந்தை எடுக்கும் முன்பும், அடுத்து என்ன ஆட வேண்டும் என்பதைப் பயிற்சியாளர்கள் ஓரத்தில் நின்று கைச்சைகையாலும் படம் போட்ட அட்டைகளாலும் காட்டுவார்கள். ஒரே நேரத்தில் மூன்று பேர் கையை ஆட்டுவார்கள். அதில் ஒருவருடையதுதான் நிஜம், மற்றவை கண்கட்டு. எதிர்ப்பக்கம் நிற்கிறவன் அதை உற்றுப் பார்த்து, 'இவன் தலையைத் தொட்டால் ஓட்டம், இடுப்பைத் தொட்டால் பாஸ்' என்று கண்டுபிடித்தால் அது குற்றமே இல்லை. சாமர்த்தியம். பல அணிகள் அதற்கென்று ஓர் ஆளை வைத்திருந்தன.

விதி தடுப்பது வேறு ஒன்றை. இந்த சீசனில் தங்களோடு இனிமேல் மோதப்போகும் அணியின் ஆட்டத்துக்கு, முன்கூட்டியே ஆளை அனுப்பி நேரில் வேவு பார்க்கக் கூடாது. 1994 முதல் இந்தத் தடை இருக்கிறது. அது வந்த காரணம் நேர்மைகூட இல்லை, செலவு. பணக்காரப் பல்கலைக்கழகம் ஊர் ஊராக ஆளை அனுப்பும், ஏழைப் பல்கலைக்கழகத்தால் முடியாது, அதனால் யாரும் போக வேண்டாம் என்று வைத்தார்கள்.

மிச்சிகனில் கானர் ஸ்டாலியன்ஸ் என்ற கீழ்நிலை ஊழியர், அமெரிக்க மரைன் படையின் முன்னாள் கேப்டன், இந்த விதியைத்தான் உடைத்தார். ஆட்டங்களுக்கு டிக்கெட் வாங்கி ஆட்களை அனுப்பினார். அவர்கள் எதிரணி பெஞ்சுக்கு நேர் எதிர்ப்பக்கம் உட்கார்ந்து, போனில் சைகைகளை வீடியோ எடுத்தார்கள். இதில் எனக்கு இன்றுவரை ஆறாத ஆச்சரியம், டிக்கெட்டுகளைத் தன் சொந்தப் பெயரிலேயே வாங்கினார் என்பது. அந்த ஆட்களை 'கே.ஜி.பி.' என்றும், எடுத்த வீடியோவை 'அழுக்குப் படம்' என்றும் உள்ளுக்குள் அழைத்ததாகப் பிறகு தீர்ப்பில் வந்தது. உளவு வேலைக்கு உளவு அமைப்பின் பெயரையே வைத்துவிட்டு, டிக்கெட்டில் மட்டும் சொந்தப் பெயர்!

ஆக, 'சைகையைத் திருடினார்கள்' என்று கத்திய எங்கள் பக்கத்து ரசிகர்கள் தவறான குற்றத்தைச் சொல்லிக்கொண்டிருந்தோம். மிச்சிகன்காரர்களுக்கு அது வசதியாகப் போயிற்று. 'எல்லாரும்தானே செய்றாங்க' என்று ஒரே வரியில் தள்ளிவிட்டார்கள். வேறு சில அணிகள் மிச்சிகனின் சைகைகளைத் தங்களுக்குள் பகிர்ந்துகொண்டன என்ற செய்தியும் அப்போது வந்தது. அது நேரில் போய் வேவு பார்த்தது ஆகாது என்பதால் விதி மீறலும் ஆகாது. குற்றத்தைச் சரியாகச் சொல்லியிருந்தால் இந்தப் பதிலுக்கு இடமே இருந்திருக்காது.

அடுத்த தவறு, தண்டனையை யார் கொடுத்தார்கள் என்பதில் வரும் குழப்பம். அந்த ஒரே சீசனில் மிச்சிகன் பயிற்சியாளர் ஜிம் ஹார்பா இரண்டு முறை மும்மூன்று ஆட்டங்களுக்கு வெளியே இருந்தார். சீசன் தொடக்கத்து மூன்று ஆட்டங்கள், கொரோனா காலத்தில் மாணவர்களை அணிக்கு இழுத்தது தொடர்பான வேறொரு வழக்குக்காகப் பல்கலைக்கழகமே போட்டுக்கொண்டது. வழக்கமான சீசனின் கடைசி மூன்று ஆட்டங்கள்தான் இந்த விவகாரத்துக்கு. அதையும் விதித்தது என்.சி.ஏ.ஏ. இல்லை; அந்த அணிகள் சேர்ந்த பிக் டென் கூட்டமைப்பு, நவம்பர் 10 அன்று, அடுத்த ஆட்டத்துக்கு மிச்சிகன் அணி கிளம்பிப் போய்க்கொண்டிருந்தபோது. பல்கலைக்கழகம் கோர்ட்டுக்குப் போனது, விசாரணைக்கு முந்தைய நாள் பின்வாங்கியது. என்.சி.ஏ.ஏ. தீர்ப்பு வந்தது 2025 ஆகஸ்ட்டில். 2023-லேயே 'தீர்ப்பு வந்துவிட்டது' என்று கொண்டாடியவர்கள் ஏறக்குறைய இரண்டு வருஷம் முந்திக்கொண்டார்கள்.

சரி, இனி எனக்கு வலிக்கும் இடத்துக்கு வருகிறேன். நாங்கள் தோற்ற ஆட்டங்களுக்கெல்லாம் இதுதான் காரணம் என்று முடிவு கட்டியது.

2021-ல் 42-27. 2022-ல் 45-23. எட்டு தடவை தொடர்ந்து ஜெயித்துவிட்டு இப்படி இரண்டு அடி. விவகாரம் வெளிவந்ததும் கொலம்பஸே ஒரு பெருமூச்சு விட்டது: 'அதானே பார்த்தேன்!' ஆனால் 2022 ஆட்டத்தைத் திரும்பப் போட்டுப் பாருங்கள். நான் பார்த்தேன், ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் முழுக்க. பாதி ஆட்டத்தில் நாங்கள் 20-17 என்று முன்னிலை. அதற்குப் பிறகு அவர்கள் 28, நாங்கள் வெறும் 3. கடைசிப் பகுதியில் டோனோவன் எட்வர்ட்ஸ் பந்தோடு கிளம்பி ஒருமுறை 75 யார்டு, இன்னொருமுறை 85 யார்டு ஓடுகிறார். எங்கள் தடுப்பாட்டக்காரர்கள் எல்லாரும் முன்னால் வந்து குவிந்திருக்கிறார்கள், பின்னால் காவலுக்கு ஆளே இல்லை. முதல் வரிசையைத் தாண்டினால் நேரே கோடுதான். சைகை தெரிந்ததால் அந்த ஓட்டத்தைத் தேர்ந்தெடுத்தார்களா? இருக்கலாம். ஆனால் பின்னால் யாரையும் நிறுத்தாமல் விட்டது ஸ்டாலியன்ஸ் இல்லையே.

எதிரி செய்த தவறு என் தோல்விக்கு எவ்வளவு காரணம் என்பதை அளக்க யாரிடமும் படி, ஆழாக்கு கிடையாது. விதியை உடைத்தது உண்மை. அதனால்தான் தோற்றோம் என்பது ஊகம். முதலாவதைச் சொல்லும்போது இரண்டாவதையும் சேர்த்துச் சொல்லத் தோன்றும். அங்கே நாக்கைக் கடித்துக்கொள்ள வேண்டும். நான் கடிக்கவில்லை. பயிற்சியாளர் இல்லாமல் 2023-ல் மிச்சிகன் எங்களை 30-24 என்று ஜெயித்தபோது பட்டேன். ஸ்டாலியன்ஸ் அதற்கு முன்பே, நவம்பர் 3 அன்று, ராஜினாமா செய்துவிட்டிருந்தார். அந்த அணி 15 ஆட்டத்தில் 15-ம் ஜெயித்து தேசிய சாம்பியன் ஆனது.

மிச்சிகன் பக்கமும் இதே தவறுதான், தலைகீழாக. 'அவர் இல்லாமலும் ஜெயித்தோம், அதனால் எதுவும் நடக்கவில்லை' என்றார்கள். ஜெயித்ததால் விதி மீறல் மறைந்துவிடுமா என்ன?

இப்போது, தண்டனையாக வெற்றிகளைக் கணக்கிலிருந்து அழிக்கும் விஷயம். 'எங்களுக்கு அழித்தீர்களே, அவர்களுக்கு ஏன் அழிக்கவில்லை?' இந்தக் கேள்வியைக் கொலம்பஸில் முடி வெட்டப் போன இடத்தில்கூடக் கேட்டிருக்கிறேன். அதற்கு எங்கள் பழைய கதையைச் சொல்ல வேண்டும்.

ஒஹையோ ஸ்டேட் அணி மிச்சிகனை ஜெயித்தால் ஒவ்வொரு ஆட்டக்காரருக்கும் விரல் நுனி அளவில் தங்கக் கால்சட்டை வடிவப் பதக்கம் ஒன்று கொடுப்பார்கள். 1934-லிருந்து வழக்கம். 'அவர்களும் நம்மைப்போல ஒவ்வொரு காலாகத்தான் கால்சட்டை மாட்டுகிறார்கள்' என்று அன்றைய பயிற்சியாளர் பிரான்சிஸ் ஷ்மிட் சொன்னதிலிருந்து வந்தது. 2010 டிசம்பரில் வெளிவந்தது என்னவென்றால், எங்கள் ஆட்டக்காரர்கள் சிலர் இந்தப் பதக்கத்தையும் மோதிரம், ஜெர்சி போன்றவற்றையும் விற்றிருக்கிறார்கள், பச்சை குத்தும் கடையில் சலுகையும் வாங்கியிருக்கிறார்கள். பயிற்சியாளர் ஜிம் டிரெஸலுக்கு அந்த ஏப்ரலிலேயே மின்னஞ்சலில் தகவல் வந்திருந்தது. மேலிடத்துக்குச் சொல்லாமல் வைத்திருந்தார். 2011 மே 30 அன்று ராஜினாமா. 2010 சீசனின் 12 வெற்றிகளும் போயின, மிச்சிகனை 37-7 என்று அடித்தது உட்பட. 2012-ல் 12 ஆட்டத்திலும் ஜெயித்த அணி, தடையால் இறுதிக் கட்டத்துக்குப் போக முடியாமல் வீட்டில் உட்கார்ந்தது.

இரண்டுக்கும் வித்தியாசம் இதுதான்: வெற்றியை அழிப்பது பெரும்பாலும் ஆடத் தகுதியில்லாதவர் ஆடிய ஆட்டங்களுக்கு. விதியை மீறிப் பணமும் சலுகையும் வாங்கிய மாணவர் அந்த நிமிஷமே தகுதி இழக்கிறார். அவர் ஆடிய ஆட்டம் கணக்கில் நிற்காது. மிச்சிகன் விவகாரத்தில் தவறு செய்தது ஊழியர்கள். ஆடிய மாணவர்கள் எல்லாரும் தகுதியோடுதான் ஆடினார்கள். இது நியாயமா என்று நீங்கள் கேட்கலாம். எனக்கும் முழு நியாயமாகப் படவில்லை. பச்சை குத்திக்கொண்டதால் யாரும் வேகமாக ஓடிவிடப் போவதில்லை. எதிரியின் சைகை தெரிந்தால் ஆட்டமே மாறும். இன்னொரு வேடிக்கையும் உண்டு. வெற்றியை அழித்தால் தோற்றவருக்கு அது வெற்றியாக மாறாது. 2010-ல் மிச்சிகனின் கணக்கில் அந்தத் தோல்வி அப்படியே இருக்கிறது. ஜெயித்தவரே இல்லாத ஆட்டத்தில் தோற்றவர் மட்டும் இருக்கிறார். நாளைக்கே 2021-ஐ அழித்தாலும் எங்களுக்குத் தங்கக் கால்சட்டை கிடைக்காது.

2025 ஆகஸ்ட் 15 தீர்ப்பில் வந்தவை வேறு வகை: நான்கு வருஷக் கண்காணிப்பு, 2 கோடி டாலரைத் தாண்டும் என்று மதிப்பிடப்பட்ட அபராதம், ஸ்டாலியன்ஸுக்கு எட்டு வருஷம், ஹார்பாவுக்குப் பத்து வருஷம் கல்லூரி வேலைக்குக் கட்டுப்பாடு. இறுதிக் கட்டத் தடை போட வேண்டிய வழக்குதான், ஆனால் செய்தவர்கள் போய்விட்ட பிறகு இப்போதைய மாணவர்களைத் தண்டிப்பது நியாயமில்லை என்று குழு சொன்னது. 'பணக்காரப் பல்கலைக்கழகம், காசைக் கொடுத்து முடித்துவிட்டது' என்று எங்கள் ஊரில் புலம்பினார்கள். 2012-ல் தவறே செய்யாத எங்கள் பையன்கள் வீட்டில் உட்கார்ந்ததை நினைத்தால் புலம்பலில் அர்த்தம் உண்டு. ஆனால் அன்று நடந்ததும் தவறு என்று சொல்ல வேண்டுமே தவிர, அதே தவறை இவர்களுக்கும் செய் என்று கேட்பது எனக்குச் சரியாகப் படவில்லை.

துப்பறிவாளர் ஆவது இன்னொரு வியாதி. 2023 செப்டம்பர் 1 அன்று சென்ட்ரல் மிச்சிகன் என்ற வேறொரு பல்கலைக்கழக அணியின் ஓரத்தில், அந்த அணியின் சட்டையோடு, இரவில் கறுப்புக் கண்ணாடி போட்ட ஒருவர் நின்ற படத்தை ரசிகர்கள் தோண்டி எடுத்தார்கள். ஸ்டாலியன்ஸ் என்றார்கள். அது உண்மையாகவே இருந்தது. அதுதான் வினை. ஒன்று பலித்ததும், கண்ணாடி போட்ட எவனைப் பார்த்தாலும் ஸ்டாலியன்ஸ் என்று வட்டம் போட ஆரம்பித்தார்கள். டிக்கெட் வாங்கி ஆட்டம் பார்க்க வந்த யாரோ ஒரு அப்பாவியின் முகம் ஊரெல்லாம் சுற்றும். அந்த மாதிரிப் படங்களை நானும் நாலு பேருக்கு அனுப்பியிருக்கிறேன், பெருமை இல்லை.

கடைசித் தவறு, அடுத்த ஆட்டம் முடியும் முன்பே வாயைத் திறப்பது. 2024-ல் கல்லூரி அணிகளுக்கும் ஹெல்மெட்டுக்குள் ரேடியோ வந்துவிட்டது. பயிற்சியாளர் நேரடியாக ஆட்டக்காரரின் காதில் பேசலாம். சைகையே தேவையில்லை என்றால் திருட என்ன இருக்கிறது? 'இனிமே பார்க்கலாம்டா' என்று தோழனுக்கு அனுப்பினேன். ஹார்பாவும் அமெரிக்கத் தொழில்முறை லீக்குக்குப் போய்விட்டார். மிச்சிகன் ஆறு வெற்றி, ஐந்து தோல்வியோடு தள்ளாடிக்கொண்டு கொலம்பஸுக்கு வந்தது. நவம்பர் 30, கடுங்குளிர். 45 விநாடி மிச்சம் இருக்கும்போது பந்தை உதைத்துக் கம்பங்களுக்கு நடுவே அனுப்பி 13-10 என்று ஜெயித்துவிட்டுப் போனார்கள். ஆட்டம் முடிந்து மைதானத்தின் நடுவில் அவர்கள் கொடியை நடப்போக, கைகலப்பாகி, போலீஸ் மிளகு ஸ்பிரே அடிக்க வேண்டியதாயிற்று.

அன்று ராத்திரி அவனிடமிருந்து ஒரே ஒரு வரி: "ரேடியோ வேலை செஞ்சுதா மச்சான்?"

இரண்டு மாதத்தில் நாங்கள் தேசிய சாம்பியன் ஆனோம். அப்போதும் நான் பதில் போடவில்லை. அது அவன் கேட்ட கேள்விக்குப் பதில் இல்லையே. 2025 நவம்பரில் ஆன் ஆர்பரில் போய் 27-9 என்று ஜெயித்த அன்றுதான் அனுப்பினேன்: "இப்ப சரியாயிடுச்சுடா."