உயரமாக வளரும் மணிப்பூச் செடிகள்: நடவும் பராமரிப்பும்

காம்பானுலா எனப்படும் மணிப்பூச் செடிகளில் தரையோடு படர்பவையும் உண்டு. இங்கே சொல்லப்போவது, ஆண்டுதோறும் வேரிலிருந்து துளிர்த்து நிமிர்ந்து வளரும் உயரமான இனங்களைப் பற்றி. பெர்சிசிஃபோலியா 60 முதல் 90 செ.மீ. வரையும், லாக்டிஃப்ளோரா 120 முதல் 150 செ.மீ. வரையும் வளரும். இவை குளிர்ச்சியான பருவநிலைக்கு உரியவை. இரவிலும் புழுக்கம் தணியாத இடத்தில் இவற்றை நட்டுப் பாடுபடுவது வீண் என்பதே என் கருத்து. ராபன்குலாய்டஸ் இனத்தை யார் இலவசமாகத் தந்தாலும் வாங்க வேண்டாம். மண்ணில் தங்கும் வேர்த்துண்டு கூட முளைத்து, தோட்டம் முழுவதும் பரவிவிடும்.

விதைகள் தூளைப் போல நுண்ணியவை. முளைக்க வெளிச்சம் தேவை என்பதால், ஈர மண்ணின்மேல் தூவி, மண் போட்டு மூடாமல் லேசாக அழுத்திவிட்டு, தொட்டியைத் தண்ணீர்த் தட்டில் வைத்து அடியிலிருந்து ஈரம் ஏறச் செய்யுங்கள். 15 முதல் 20 டிகிரி செல்சியஸில் இரண்டு முதல் நான்கு வாரங்களில் முளைக்கும்; பூக்களைப் பெரும்பாலும் அடுத்த ஆண்டுதான் பார்க்கலாம்.

வெயிலோ அரை நிழலோ படும், ஈரம் காக்கும், ஆனால் நீர் தேங்காத மண்ணில் மட்கிய உரம் கலந்து நடுங்கள். லாக்டிஃப்ளோராவின் சதைப்பற்றுள்ள வேர் ஆழமாக இறங்குவதால், பின்னாளில் இடம் மாற்றினால் அது எளிதில் தேறாது.

உயரமே இச்செடிகளின் அழகு; காற்றும் மழையும் சேர்ந்தால் அதுவே தொல்லை. வசந்தத்தின் கடைசியில், மொட்டு தோன்றுமுன், லாக்டிஃப்ளோராவின் தண்டுகளை மேலிருந்து மூன்றில் ஒரு பங்கு வெட்டிவிட்டால், வெட்டிய இடத்தில் வெண்பால் கசிந்து நிற்கும். பிறகு பக்கக் கிளைகள் வெடித்துச் செடி அடர்த்தியாகும், பூப்பது மட்டும் சற்றுத் தள்ளிப்போகும். முன்வரிசைத் தண்டுகளை மட்டும் வெட்டிப் பின்வரிசையை விட்டுவைத்தால் பூக்காலம் நீளும். வெட்ட மனமில்லாதவர்கள் செடி முழங்கால் உயரத்தை எட்டுமுன்பே கொம்பு நட்டுத் தளர்வாகக் கட்ட வேண்டும். சாய்ந்த தண்டை நிமிர்த்திக் கட்டினால் அது ஒடிந்துவிடும்.

பெர்சிசிஃபோலியாவில் வாடிய பூவை, குறிப்பாகப் பழுப்பேறிக் காகிதம்போல் ஒட்டிக்கொண்டிருக்கும் வெள்ளைப் பூவை, ஒவ்வொன்றாகக் கிள்ளுங்கள். தண்டை வெட்ட வேண்டாம். அதே கணுக்களில் மறுபடி மொட்டு வரும். இளந்துளிர்களை நத்தைகள் விரும்பித் தின்னும் என்பதால், வசந்தத்தில் இரவு நேரத்தில் விளக்கோடு சென்று பொறுக்கிவிடுவது நல்லது.

மூன்று, நான்கு ஆண்டுகளில் பெர்சிசிஃபோலியாவின் நடுப்பகுதி நலிந்து பூ குறையும். அப்போது வசந்தத் தொடக்கத்திலோ இலையுதிர் காலத்திலோ தூரைத் தோண்டி எடுத்து, ஓரத்திலுள்ள இளங்குருத்துகளை வேரோடு பிரித்து நட்டு, நடுவில் இருப்பதைக் கழித்துவிடுங்கள்.