கேட் தேர்வு: ஆப்ஷனை மறைச்சுட்டு கணக்கைப் போடுங்க

எம்.டெக் சேர எழுதும் கேட் நுழைவுத் தேர்வில், கம்ப்யூட்டர் சயின்ஸுக்குப் பழைய வினாத்தாள் போடுறவங்க, நாலு ஆப்ஷனையும் மறைச்சுட்டு முதல்ல விடையை நோட்டில் எழுதிடுங்க. ஆப்ஷன் கண்ணில் பட்டாலே மனசு ஊகத்துக்குத் தாவிடும். விடையை நாமே டைப் செய்யும் நேட் கேள்வியில் அந்த வேலை எடுபடாது.

ஒரு கேஷ் (பிராசசர் பக்கத்தில் இருக்கும் சின்ன, வேகமான மெமரி) கணக்கைப் பாருங்க. முகவரி 32 பிட், கேஷ் 32 கேபி, பிளாக் 64 பைட், 4-வே செட் அசோசியேட்டிவ், அதாவது ஒரு செட்டில் 4 பிளாக். முகவரி டேக், இண்டெக்ஸ் (எந்த செட்), ஆஃப்செட் (பிளாக்குக்குள் எந்த பைட்) என மூணாப் பிரியும். பிளாக்கை அடையாளம் காட்டும் டேக் எத்தனை பிட்? 64 பைட்டுன்னா 2-இன் அடுக்கு 6, அதனால ஆஃப்செட் 6. மொத்தம் 512 பிளாக். நாலால் வகுத்தால் 128 செட், அது 2-இன் அடுக்கு 7, அதனால இண்டெக்ஸ் 7. 32-ல் 6, 7 ரெண்டும் போனா மிச்சம் 19, அதுதான் டேக். நாலால் வகுக்க மறந்தால் இண்டெக்ஸ் 9 ஆகி, டேக் 17 வரும். நாலு ஆப்ஷனில் ஒண்ணைத் தேர்ந்தெடுக்கும் எம்சிக்யூவா இருந்தால் அந்த 17-ம் ஆப்ஷன்ல சமர்த்தா உட்கார்ந்திருக்கும்!

எம்சிக்யூ தப்பானா 1 மார்க் கேள்விக்கு 1/3, 2 மார்க் கேள்விக்கு 2/3 போயிடும். நேட், எம்எஸ்க்யூ (ஒண்ணுக்கு மேல சரியான ஆப்ஷன் இருக்கலாம்) ரெண்டுக்கும் நெகட்டிவ் மார்க் கிடையாது, சும்மா விட்டுட்டு வராதீங்க. ஆனா எம்எஸ்க்யூவில் பாதி சரிக்குப் பாதி மார்க் தரமாட்டாங்க.

கால்குலேட்டர் கொண்டுபோக முடியாது. திரையில் வர்றதை மவுஸால்தான் அழுத்தணும், எரிச்சலா இருக்கும். வீட்டிலேயே அதில் பழகிடுங்க.