இடுப்பில் குழந்தையோடு வருகிறார்கள்: டெல்டா கடைக்காரர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

திருக்கருகாவூரில் பிள்ளையைத் தொட்டிலில் இட வருகிறவர்கள், வைத்தீசுவரன்கோயிலில் மொட்டை போட்டுக் காது குத்த வருகிறவர்கள், திருபுவனத்தில் முகூர்த்தப் பட்டு எடுக்க வருகிறவர்கள், நாச்சியார்கோயிலில் குத்துவிளக்கு வாங்க வருகிறவர்கள். கும்பகோணம், மயிலாடுதுறை வட்டாரத்தில் உணவகமோ லாட்ஜோ ஜவுளிக்கடையோ நடத்துகிறவருக்கு இவர்கள்தாம் வாடிக்கை. வண்டியிலிருந்து எட்டுப் பேர் இறங்கினால் அதில் ஒருவர் இடுப்பில் குழந்தை இருக்கும். அதனால் சின்னப் பிள்ளைகளை உள்ளே விடலாமா என்ற கேள்விக்கு இங்கே அதிக வேலை இல்லை. விட்ட பிறகு நடப்பதில்தான் கோளாறு.

அழுகை, சிந்தல், ஓட்டம் என்று கடைக்காரர் அலுத்துக்கொள்ளும் எல்லாவற்றுக்கும் பெரும்பாலும் இரண்டே காரணங்கள்: பிள்ளையைக் காக்க வைத்தது, பிள்ளையை உட்கார வைத்த இடம். இரண்டும் கடைக்காரர் கையில் இருப்பவை.

'ஃபேமிலி ரூம்' என்று எழுதி மாடிக்கு அனுப்புவது

செங்குத்தான படி, ஒருபக்கம் மட்டும் கைப்பிடி, கம்பிகளுக்கு நடுவே ஒரு தலை நுழையும் இடைவெளி. கையில் ஒரு பிள்ளை, தோளில் பை, விரலைப் பிடித்தபடி இன்னொரு பிள்ளை என்று வருகிற அம்மாவைத்தான் இந்தப் படியில் ஏறச் சொல்கிறோம். கீழ்த்தளத்தில் சுவரை ஒட்டி இரண்டு மேசைகளைக் குடும்பங்களுக்கென்று ஒதுக்கினால் போதும், தனி அறையே தேவையில்லை. மாடி தவிர வேறு வழி இல்லையென்றால் கைப்பிடிக் கம்பிகளின் இடைவெளி 10 செ.மீ.க்கு மேல் போகக் கூடாது. படியின் தலைமாட்டில் ஒரு தடுப்புக் கதவும் வேண்டும்.

வாளியைத் தலைக்கு மேலே கொண்டுபோவது

நம் பக்கத்துச் சாப்பாட்டுக் கடைகளில் நடக்கும் மோசமான விபத்து இங்கேதான் பிறக்கிறது. சாம்பார் வாளியோடு வரும் சர்வர் வரிசை ஓரத்தில் நின்று, உள்ளே இருப்பவரின் இலைக்குக் கையை நீட்டி ஊற்றுவார். ஓரத்து நாற்காலியில் பிள்ளை இருந்தால் கொதிக்கும் கரண்டி அதன் தலைக்கு மேல் போகிறது. பிள்ளை சட்டென்று எழுந்தால் போதும். குழந்தைகளின் தோல் மெல்லியது. 60 டிகிரிச் சூடுள்ள குழம்பு சில விநாடிகளில் ஆழமாகச் சுட்டுவிடும்.

ஆகவே உட்கார வைக்கும்போதே பிள்ளைக்குச் சுவர்ப் பக்கம், பெரியவருக்கு நடைபாதைப் பக்கம். இதைப் பார்த்துச் செய்வது மேற்பார்வையாளர் வேலை, குடும்பத்தாரிடம் விட்டுவிடக் கூடாது. ரசமும் சாம்பாரும் கரண்டியில் நேராக ஊற்றாமல் கிண்ணத்தில் வைக்கட்டும், அதுவும் பிள்ளையின் கைக்கு எட்டாத பக்கமாக.

வாழையிலை இன்னொரு சங்கதி. ஒரு வயதுப் பிள்ளை எதைக் கண்டாலும் பிடித்து இழுக்கும். இலையின் விளிம்பை இழுத்தால் சோறு, குழம்பு, பக்கத்திலிருக்கும் டம்ளர் எல்லாம் ஒன்றாகச் சரிந்து மடியில் விழும். பிள்ளையை மடியில் வைத்திருப்பவருக்கு மட்டும் இலைக்குக் கீழே கனமான எவர்சில்வர் தட்டு ஒன்றை வைத்துவிடுங்கள். டிகிரி காபியை டவராவோடு அவர் முன்னால் வைப்பதும் அப்படித்தான். ஆற்றாத காபி கால்மணி நேரம் கழித்துக்கூடச் சுடும். எல்லோரும் சாப்பிட்டு முடித்து, பிள்ளை வேறு கைக்குப் போனபின் கொண்டுவந்தால் என்ன குறைந்துவிடும்?

மீறிச் சுட்டுவிட்டால் ஓடும் குழாய்த் தண்ணீரில் 20 நிமிடம் காட்ட வேண்டும். ஐஸ், பற்பசை, இங்க் எதுவும் வேண்டாம். ஈரத்துணியோ ஈரச் சட்டையோ தோலில் ஒட்டியிருந்தால் பிய்க்கக் கூடாது, ஒட்டாததை மட்டும் கழற்றலாம். பிறகு 108. இந்த நான்கு வரிகளையும் எழுதிச் சமையலறைச் சுவரில் ஒட்டிவையுங்கள்.

உயர நாற்காலி வாங்கினால் கால்களுக்கு நடுவே வரும் பட்டை இருக்கிறதா பாருங்கள். இடுப்புப் பட்டை மட்டும் இருந்தால் பிள்ளை கீழே வழுக்கிக் கழுத்தில் மாட்டிக்கொள்ளும். பிடிப்பில்லாமல் உட்காரப் பழகாத குழந்தைக்கு, அதாவது ஏறத்தாழ ஆறு மாதத்துக்கு முன், அந்த நாற்காலி வேண்டாம். மேசைக்கு மிக அருகிலும் போடாதீர்கள். காலால் மேசையை உதைத்துப் பின்னால் சாய்ந்துவிடும்.

பிள்ளைக்குக் கடைசியில் கொண்டுவருவது

குடும்பம் ரவா தோசை சொல்லியிருந்தால் அது வார்த்து வர நேரம் ஆகும். அதுவரை பசித்த பிள்ளை சும்மா இருக்காது. ஆர்டர் எடுத்த கையோடு ஒரு இட்லியும் கொஞ்சம் நெய்யும் ஐந்து நிமிடத்துக்குள் வந்துவிட்டால் அந்த மேசையில் பாதிச் சத்தம் எழாது. மதியமாக இருந்தால் குழைந்த பருப்புச் சாதம். பாசிப்பருப்பும் உருளைக்கிழங்கும் சேர்த்த கும்பகோணம் கடப்பா மிருதுவாக இருக்கிறதே என்று பிள்ளைக்குப் பரிந்துரைக்காதீர்கள், அதில் பச்சை மிளகாய் இருக்கிறது.

வெந்நீர் விஷயத்தில் பல கடைகளில் ஒரே தவறு. பால் பவுடர் கரைக்க வெந்நீர் கேட்டால் அவசரத்துக்குக் கொதிநீரில் பச்சைத் தண்ணீரைக் கலந்து வெதுவெதுப்பாகக் கொடுத்துவிடுகிறார்கள். பால் பவுடர் கிருமியற்றது அல்ல. அதைக் கரைக்கும் தண்ணீர் 70 டிகிரிக்குக் குறையாமல் இருக்க வேண்டும் என்பது அதனால்தான். கொதித்த நீரை அப்படியே ஃப்ளாஸ்கில் கொடுங்கள், கூடவே ஒரு கிண்ணத்தில் குளிர்ந்த நீரும். கரைத்த புட்டியை அந்தக் கிண்ணத்தில் நிறுத்தி ஆற்றிக்கொள்வார்கள்.

கல்லாவில் பில் போடும்போது பிள்ளையின் கையில் மிட்டாய் திணிப்பது பாசத்தில் செய்வதுதான். ஆனால் கெட்டி மிட்டாய், டைமண்ட் கற்கண்டு, வேர்க்கடலை மூன்றும் சின்னக் குழந்தையின் தொண்டையில் அடைக்கக் கூடியவை. ஒரு வயது நிரம்பாத குழந்தைக்குத் தேனும் கூடாது, தேன் கலந்த பஞ்சாமிர்தமும் கூடாது. தேனில் இருக்கக்கூடிய ஒருவகை நுண்ணுயிர் வித்துகள் அந்த வயதுக் குடலில் முளைத்து நஞ்சாகும். கொடுக்க ஆசைப்பட்டால் நன்கு பழுத்த பூவன் பழம் ஒன்றைத் தாயின் கையில் கொடுங்கள்.

கட்டணத்தில் வரும் சண்டைக்கு வழி எளிது. 2022 முதல் தமிழ்நாட்டு அரசுப் பேருந்துகளில் 5 வயது வரை டிக்கெட் இல்லை. ரயிலிலும் 5 வயதுக்குக் கீழ் தனி இருக்கை கேட்காவிட்டால் இல்லை. குடும்பங்களின் மனதில் பதிந்த எல்லை அதுதான். சாப்பாட்டுக்கும் அறைக்கும் நீங்கள் 3 வயது என்று வைத்தால் வாசல் பலகையிலேயே பெரிதாக எழுதிவிடுங்கள். பில்லில் வந்து சொல்வதைப் போல எரிச்சலூட்டுவது வேறில்லை.

லாட்ஜில் தூளிக்குக் கொக்கி இல்லாதது

விலையுயர்ந்த மரத் தொட்டில் வாங்கி வைக்கிறார்கள். நம் வீட்டுக் குழந்தைகள் அம்மாவின் பழைய புடவைத் தூளியில்தான் தூங்கிப் பழகியவை. கொக்கி இல்லாத அறையில் குடும்பம் என்ன செய்யும்? மின்விசிறிக் கொக்கியிலோ ஜன்னல் கம்பியிலோ கட்டும். விசிறிக் கொக்கி விசிறியின் எடைக்கென்று போட்டது, ஆடும் எடைக்கு அல்ல. மேலேயே இறக்கைகளும் இருக்கின்றன.

மூன்று நான்கு அறைகளிலாவது கொக்கி போடுங்கள். கூரைத் தளம் போடும்போதே உள்கம்பியைச் சுற்றி வளைத்து விட்டால் உத்தமம். பின்னால் போடுவதானால் தளத்துக்குள் ஆழமாக இறங்கும் ஆங்கர் போல்ட் வேண்டும். பால்ஸ் சீலிங்கில் மாட்டிய திருகாணி அரை நாளும் நிற்காது. விசிறி இறக்கையின் நுனியிலிருந்து குறைந்தது 3 அடி தள்ளி, ஆடும் திசையில் இரு பக்கமும் சுவருக்கு 3 அடி விட்டு இடம் பாருங்கள். 25 கிலோ அரிசி மூட்டை இரண்டைக் கட்டி ஒரு மணி நேரம் தொங்கவிட்டு, லேசாக ஆட்டியும் பார்த்துவிட்டு அறையைக் கொடுங்கள். தூளியின் அடி தரையிலிருந்து ஒரு முழத்துக்கு மேல் உயரக் கூடாது. கைக்குழந்தை எழுந்ததும் தூளியை அவிழ்த்துச் சுருட்டி மேலே போடச் சொல்லுங்கள். அண்ணன், அக்கா வயதுப் பிள்ளைகள் அதில் உட்கார்ந்து முறுக்கி விளையாடும்போது புடவை கழுத்தில் சுற்றிக்கொண்டு உயிர் போயிருக்கிறது.

குளியலறையில் நிறைந்த வாளியும் அதே அளவு ஆபத்து. தவழும் குழந்தை எட்டிப் பார்த்துத் தலைகீழாக விழுந்தால் தானாக எழ முடியாது. சில அங்குலத் தண்ணீரே போதும். அறை துப்புரவு முடித்ததும் வாளியைக் கவிழ்த்து வைப்பது, வெளியே எட்டாத உயரத்தில் ஒரு தாழ்ப்பாள் போடுவது, இரண்டும் இருந்தால் போதும். ஹீட்டரை 50 டிகிரிக்கு மேல் வைக்காதீர்கள்.

கட்டில் உயரமாக இருந்தால் கேட்காமலேயே தரையில் மெத்தை விரித்துக் கொடுங்கள். பால்கனியில் பிளாஸ்டிக் நாற்காலி வேண்டாம், அது ஏணியாகிவிடும்.

கொல்லைப்புறம் ஆற்றங்கரையாகவோ வாய்க்காலாகவோ இருக்கும் இடங்களுக்கு ஒரு சொல். வழக்கமாக ஜூன் 12-ல் மேட்டூர் திறந்து, சில நாளில் கல்லணை திறந்து, தண்ணீர் கிளை வாய்க்கால்களுக்கு வரும். மே மாதம் பிள்ளைகள் இறங்கி ஓடிய அதே மணல் ஒரே நாளில் மறைந்துவிடும். கொல்லைக் கதவுத் தாழ்ப்பாள் 5 அடி உயரத்தில் இருக்கிறதா, சம்ப் மூடி பூட்டியிருக்கிறதா என்பதை அந்த வாரத்திலேயே பாருங்கள்.

பாலூட்ட ஸ்டோர் ரூமைக் காட்டுவது

அட்டைப் பெட்டிக்கு நடுவே, கழிவறைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து யாரும் பாலூட்ட மாட்டார்கள். 5-க்கு 5 அடி இடம், சாய்வுள்ள நாற்காலி, விசிறி, உள்தாழ்ப்பாள், மூடியுள்ள குப்பைத் தொட்டி. உடை மாற்றத் தனி மேசை வேண்டுமென்பதில்லை. விளிம்பில்லாத மேசையிலிருந்து பிள்ளை உருண்டு விழுவதைவிடத் தரையில் துடைத்த ரெக்சின் விரிப்பு மேல்.

கடையில் கைக்கு எட்டும் கனமான பொருள்

நாச்சியார்கோயில் குத்துவிளக்கு பாகம் பாகமாகத் திருகிப் பூட்டுவது. காட்சிக்கு வைத்ததில் மரை முழுக்க இறுகியிருக்காது. பிள்ளை தண்டைப் பிடித்து எழ முயன்றால் மேல்தட்டும் அன்னமும் தலையில் விழும். தரையில் நிற்கும் விளக்குகளை இறுகத் திருகி, பின்சுவரோடு ஒரு கம்பியால் கட்டுங்கள், அல்லது முன்னால் இரண்டடி உயர மரத் தடுப்பு.

முகூர்த்தப் பட்டு எடுக்க மூன்று மணி நேரம் ஆகும். மெத்தை விரித்த பழைய பாணிக் கடைகள் பிள்ளைகளுக்கு நல்லவை, விழுந்தாலும் அடிபடாது. ஆனால் அதே மெத்தையில் முறுக்கும் கொடுத்தால் எண்ணெய்க் கை பட்டில்தான் முடியும். மெத்தையை விட்டுத் தள்ளி, அம்மாவின் கண்ணுக்குத் தெரியும் தூரத்தில் ஒரு பாய், நாலு பெரிய மரக்கட்டை பொம்மை போடுங்கள். வேறு அறையில் விளையாட்டுத் திடல் அமைத்தால் அம்மா ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை எழுந்து போவார், வியாபாரம்தான் இழுபடும்.

இலவசமாகக் கொடுக்கும் விளக்கு எரியும் பொம்மை, பலூன் இரண்டையும் நிறுத்திவிடுங்கள். பொம்மையில் இருக்கும் பட்டன் பேட்டரியை விழுங்கினால் இரண்டு மணி நேரத்துக்குள் உணவுக்குழாயை அரித்துவிடும். 32 மில்லிமீட்டர் விட்டக் குழாய்க்குள் புகும் எதுவும் மூன்று வயதுக்குள் கொடுக்கத் தகாதது. மளிகைக் கடை, மருந்துக் கடைக்காரர்களுக்கு ஒன்று: இரண்டு வயதுக்குள்ளான குழந்தைகளின் பால் பவுடர், உணவு, புட்டி ஆகியவற்றுக்குப் பரிசு, சலுகை அறிவித்து விற்பது 1992-ம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். திறப்பு விழா ஆஃபரில் இவற்றைச் சேர்க்காதீர்கள்.

வேண்டாம் என்று சொல்லக் கூச்சப்படுவது

எல்லா இடமும் பிள்ளைகளுக்கான இடம் அல்ல. சுவாமிமலைச் சிற்பப் பட்டறையில் மெழுகு உருவம் செய்வதையும் வண்டல் மண் பூசுவதையும் குழந்தைகள் தாராளமாகப் பார்க்கலாம். உலோகம் ஊற்றும் நேரம் அப்படி அல்ல. ஆயிரம் டிகிரிக்கு மேல் காய்ந்த உலோகம், அச்சில் கொஞ்சம் ஈரம் தங்கியிருந்தாலும் ஆவியாகித் தெறிக்கும். அரிசி ஆலையில் ஓடும் பெல்ட், நெல் அவிக்கும் தொட்டி அருகிலும் அப்படித்தான். தூரத்திலிருந்து வருகிறார்களே என்று தயங்காமல், போனில் கேட்கும்போதே இன்ன நேரம் பிள்ளைகளோடு வர முடியாது, இன்ன நேரம் வாருங்கள் என்று சொல்லிவிடுங்கள். குடும்பங்கள் கோபப்படுவது வாசலில் தடுக்கும்போதுதான்.

கேட்காமல் தூக்குவது, படம் பிடித்துப் போடுவது

ஊழியர்கள் கன்னத்தைக் கிள்ளுவதும் வாங்கிக்கொண்டு உள்ளே போவதும் வேண்டாம். கடை விளம்பரத்துக்குப் பிள்ளையின் படத்தை எடுத்து வாட்ஸப்பில், இன்ஸ்டாகிராமில் போட்டு அது பெரும் மனத்தாங்கலாகிறது. மை வைத்துக் கண்ணேறு கழிக்கும் வீடுகளுக்கு அது எப்படி வலிக்கும் என்று யோசியுங்கள். பெற்றோரிடம் கேட்டு, சரி என்றால் மட்டும்.

பிள்ளை அழுது பக்கத்து மேசைக்காரர் முகம் சுளித்தால் சர்வர் பெற்றோரை அதட்டக் கூடாது. முகம் சுளித்தவருக்கு வேறு மேசை காட்டுங்கள். ஓடும் பிள்ளையை நிறுத்த வேண்டுமென்றால், "அம்மா, இந்தப் பக்கம் சூடான வாளி வருது, தம்பியைக் கொஞ்சம் பிடிச்சுக்குங்க" என்று காரணத்தோடு சொன்னால் யாரும் மறுப்பதில்லை.

கூட்ட நாளில் பிள்ளை காணாமல் போனால் உள்ளே தேடும் முன் ஒருவர் வாசலில் போய் நிற்க வேண்டும். சட்டை நிறம், வயது, பெயர் மூன்றையும் கல்லாவில் கேட்டுக்கொண்டு, கழிவறை, கொல்லைக் கதவுப் பக்கம், சம்ப் என்று முதலில் தண்ணீர் இருக்கும் இடங்களையும், பிறகு மாடிப்படியையும் பாருங்கள்.