தேக்கா சந்தையில் முதல் காலை: கோப்பி சொல்வது முதல் மீன் வாங்குவது வரை

சிங்கப்பூரின் லிட்டில் இந்தியாவில் இருக்கும் தேக்கா சந்தையில் முதல் நாள் சொதப்புவது பெரும்பாலும் வரிசையில்தான். நுழைந்ததும் மீனை வாங்கிக் கையில் பிடித்துக்கொண்டு, காய்க்கு ஒரு மணி நேரம் அலைந்து, பிறகு பசிக்கிறதென்று சாப்பிட உட்கார்ந்தால், வீடு போய்ச் சேர்வதற்குள் மீன் பதம் கெட்டுவிடும். சிங்கப்பூர் வெயில் காலையிலேயே ஏறிவிடும். அதனால் முதலில் பசியாறுங்கள். பிறகு எதுவும் வாங்காமல் ஒரு சுற்று. அடுத்து காய், மசாலா, தேங்காய். மீன் கடைசி. மீனை வாங்கியதும் நேராக வீடு.

எப்போது போவது

லிட்டில் இந்தியா எம்ஆர்டி (நகர ரயில்) நிலையத்தில் சி வாசல் வழியாக வெளியே வந்தால் பஃபலோ ரோடு. கட்டடம் பக்கத்திலேயே நிற்கும். 1982-ல் இது திறந்தபோது 'சூஜியாவ் சென்டர்' என்று பெயர் வைத்தார்கள். ஊர் வாயில் அது நுழையவே இல்லை, 2000-ல் பழைய பெயரே திரும்ப வந்தது. தேக்கா என்பது ஹொக்கியன் என்ற சீன வட்டார மொழியில் மூங்கிலடி.

செவ்வாய் முதல் வெள்ளி வரை, காலை 7 மணியிலிருந்து 9 மணிக்குள் போவது நல்லது. திங்கட்கிழமை பல மீன் கடைகள் மூடியிருக்கும். ஞாயிற்றுக்கிழமை எல்லாம் கிடைக்கும், ஆனால் நின்று நிதானமாகப் பொறுக்க முடியாது. தரை ஈரமாக இருக்கும், வழுக்காத செருப்பு போடுங்கள். 2, 5, 10 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) நோட்டுகள் கொஞ்சம் கையில் இருக்கட்டும். பேநவ், க்யூஆர் போன்ற கைபேசிக் கட்டண வசதி பல கடைகளில் உண்டு, எல்லாக் கடையிலும் இல்லை. வீட்டுக்கு சிடிசி பற்றுச்சீட்டு (அரசு வீடுகளுக்குத் தரும் கூப்பன்) வந்திருந்தால், அதை ஏற்கும் கடையில் ஒட்டுப்படம் இருக்கும்; பொருளை நிறுக்கும் முன்பே கேட்டுவிடுங்கள்.

படி 1: கோப்பி, பசியாறல்

முதலில் மேசை. மேசைமேல் ஒரு டிஷ்யூ பாக்கெட் தனியாகக் கிடந்தால் யாரோ மறந்துவிட்டுப் போனதல்ல, இடம் பிடித்திருக்கிறார்கள். இங்கே அதற்கு 'சோப்' என்று பெயர். நீங்களும் அப்படியே செய்யலாம்.

அடுத்து கோப்பி. வெறும் 'காபி' என்று கேட்டால் கண்டென்ஸ்ட் மில்க் ஊற்றிய இனிப்புக் கோப்பிதான் வரும். கொட்டையைச் சர்க்கரையும் மார்ஜரினும் சேர்த்து வறுப்பது இங்கத்திய வழக்கம், அதனால் ஃபில்டர் காபி ருசியை எதிர்பார்த்துக் குடிக்காதீர்கள். கேட்கும் முறைக்கு ஒரு வரிசை உண்டு: முதலில் பானம், பிறகு பால், பிறகு இனிப்பு, கடைசியில் ஐஸ். 'ஓ' என்றால் பால் இல்லை, சர்க்கரை உண்டு. 'சி' என்றால் எவாப்பரேட்டட் மில்க், சர்க்கரை. 'கோசோங்' என்றால் சர்க்கரையே வேண்டாம், 'சியூ டாய்' என்றால் இனிப்பு குறைவாக. 'காவ்' திக்காக, 'பெங்' ஐஸோடு. ஆக, 'கோப்பி சி சியூ டாய் பெங்' என்று ஒரே மூச்சில் சொன்னால் வேலை முடிந்தது. தேநீருக்கும் இதே இலக்கணம்தான், கோப்பிக்குப் பதில் 'தே'. இஞ்சி டீ வேண்டுமென்றால் 'தே ஹாலியா'. சர்க்கரை நோய் உள்ளவர்கள் கவனிக்க வேண்டியது: 'ஓ' மட்டும் சொன்னால் சர்க்கரை போட்டுத்தான் தருவார்கள். 'ஓ கோசோங்' என்று முழுசாகச் சொல்லுங்கள்.

காலையில் பரோட்டா (இங்கே 'பிராத்தா'), தோசை, ஆப்பம் கிடைக்கும். பிராத்தாவுக்குக் கேட்காமலே மீன் குழம்போ கறிக் குழம்போ ஊற்றிவிடுவார்கள். சைவமென்றால் 'பருப்புக் குழம்பு மட்டும்' என்று முதலிலேயே சொல்லுங்கள். சம்பாலில் (மிளகாய் விழுது) பெலாச்சான் என்ற இறால் விழுது, லக்சாவில் (தேங்காய்ப் பால் நூடுல்ஸ்) காய்ந்த இறால், சீன ரோஜாக்கில் (பழம், காய்க் கலவை) இறால் விழுது இருக்கும். காய்கறிதானே என்று கங்கோங் (வள்ளைக்கீரை) சம்பால் வாங்கி ஏமாறுகிறவர்கள் நிறைய.

பதினொரு மணிக்குமேல் வர முடிந்தால் தோசையை விட்டுவிடுங்கள். அது எந்த ஊரிலும் கிடைக்கும். இந்திய ரோஜாக்கும் மீ கோரெங்கும் (வறுத்த நூடுல்ஸ்) சாப்பிடுங்கள். நம் பக்கத்து முஸ்லிம் கடைக்காரர்கள் இங்கே வந்து உருவாக்கியவை. ரோஜாக் தட்டில் உருளை, வடை, தெம்பே (புளிக்கவைத்த சோயா), முட்டை, தௌஹு (டோஃபு) என்று நீங்களே எடுத்துக் கொடுக்க வேண்டும். சூடாக்கி, நறுக்கி, சிவப்புக் குழம்போடு தருவார்கள். காசு துண்டுக் கணக்கு. கண்ணில் பட்டதையெல்லாம் எடுத்தால் பில் ஏறிவிடும், இருவருக்கு ஆறேழு துண்டு போதும்.

சாப்பிட்டு முடித்ததும் தட்டை நீங்களே எடுத்துப் போய் வைக்க வேண்டும். 2021 செப்டம்பர் 1 முதல் உணவங்காடி நிலையங்களில் இது சட்டம். முதல் தடவை எழுத்து எச்சரிக்கை, மறுதடவை 300 வெள்ளி அபராதம். ஹலால் தட்டுக்கும் மற்றதற்கும் தனித்தனி அடுக்கு, எழுதியிருப்பதைப் பார்த்து வையுங்கள்.

படி 2: வெறும் கை சுற்று

எதையும் வாங்காமல் ஒரு தடவை முழுக்க நடந்து வாருங்கள். ஒரே காய்க்கு மூன்று கடையில் மூன்று விலை இருக்கும். பலகையில் விலை கிலோவுக்கா, 100 கிராமுக்கா என்று பாருங்கள். சில பழைய கடைகளில் இன்னும் 'காத்தி' கணக்கும் உண்டு. ஒரு காத்தி ஏறத்தாழ 600 கிராம். கிலோ விலை என்று நினைத்து 'மலிவா இருக்கே' என்று மகிழ்ந்துபோவது இங்கேதான்.

கூப்பிடும் முறை எளிது. நம்மவர்களை அண்ணே, அக்கா. சீனப் பெரியவர்களை அங்கிள், ஆன்டி. மலாய்க்கார அம்மாவை மக்சிக். தேக்காவில் சில சீனக் கடைக்காரர்கள் தமிழிலேயே பதில் சொல்வார்கள், திகைக்க வேண்டாம்.

படி 3: காய், மசாலா, தேங்காய்

முருங்கை, கத்தரி, சின்ன வெங்காயமெல்லாம் ஊர்ப் பெயரிலேயே கிடைக்கும். புதியவற்றுக்கு மலாய்ப் பெயர் தெரிந்தால் நல்லது: கங்கோங் வள்ளைக்கீரை, செராய் எலுமிச்சைப்புல், பண்டான் ரம்பை இலை. சிலி பாடி குட்டியூண்டு மிளகாய், ஆனால் ஊர்ப் பச்சை மிளகாய் போடும் எண்ணிக்கையில் போட்டால் குழம்பை யாரும் தொடமாட்டார்கள். நான்கு பேர் குழம்புக்கு இரண்டு போதும்.

சில மசாலாக் கடைகளில் ஈர மசாலா கிடைக்கும். மிளகாய், மல்லி, மஞ்சள், சீரகம் எல்லாம் தனித்தனி விழுதாகக் கிண்ணங்களில் இருக்கும். 'அரை கிலோ மீன், குழம்புக்கு, காரம் கொஞ்சம் கம்மி' என்று சொன்னால், கடைக்காரர் கரண்டியால் ஒவ்வொன்றாக அள்ளி ஒரே பொட்டலமாகக் கட்டித் தருவார். கறிக்கும் மீனுக்கும் கலவை வேறு, எதற்கென்று சொல்லாமல் வாங்காதீர்கள். அன்றே சமைக்காவிட்டால் ஃப்ரிட்ஜில் வையுங்கள்.

தேங்காய்த் துருவல் நிறுத்துக் கொடுப்பார்கள். பழுப்புத் தோலோடு துருவியது குழம்புக்கு. தோல் நீக்கிய வெள்ளைத் துருவல் சட்னிக்கும் பலகாரத்துக்கும். 250 கிராம் துருவலில் ஒரு கப் வெதுவெதுப்பான தண்ணீர் விட்டுப் பிழிந்தால் சுமார் ஒரு கப் கெட்டிப் பால் வரும். துருவல் சீக்கிரம் புளிக்கும், மீனுக்கு அடுத்தபடி அவசரப் பொருள் இதுதான்.

படி 4: மீன்

பெயர்தான் முதல் தடை. தெங்கிரி என்றால் வஞ்சிரம். குராவ் என்பது காலா. பாவால் புத்தே வெள்ளை வவ்வால், பாவால் ஹித்தாம் கருப்பு. கெம்போங் கானாங்கெளுத்தி, சியாக்காப் கொடுவா, பாரி திருக்கை, சோத்தோங் கணவாய். ஈக்கான் மேரா சிவப்புச் செப்பிலி வகை. இந்த ஊரின் மீன் தலைக் கறிக்குப் பேர்போன மீன் அது. அந்தக் கறியே கேரளத்திலிருந்து வந்த எம். ஜே. கோமெஸ் 1949-ல் தன் கடையில் சீன வாடிக்கையாளர்களுக்காக வைத்ததுதான் என்பார்கள்.

பொறுக்கும்போது கண்ணைப் பாருங்கள். பளிச்சென்று புடைத்திருக்க வேண்டும், வெளுத்துக் குழிந்திருந்தால் பழசு. செவுளைத் தூக்கிக் காட்டச் சொல்லுங்கள், சிவப்பு பழுப்பாகியிருந்தால் வேண்டாம். முதுகில் விரலால் அழுத்தினால் குழி உடனே மேலெழும்ப வேண்டும், ஆனால் கேட்டுவிட்டுத் தொடுங்கள். ஏற்கெனவே வெட்டி வைத்த துண்டுகளில் இதில் பாதியைப் பார்க்க முடியாது. புதியவர்கள் முழு மீனைக் காட்டி வெட்டச் சொல்வதே பாதுகாப்பு.

நிறுப்பது சுத்தம் செய்யும் முன்பு. ஒரு கிலோ மீன் வாங்கினால் தலை, குடல், செதில் போக வீட்டுக்கு வருவது குறையும், எடை ஏமாற்று என்று சண்டைக்குப் போக வேண்டாம். தலை வேண்டுமென்றால் முதலிலேயே சொல்லுங்கள், சொல்லாவிட்டால் சில கடைகளில் அது குப்பைக்குப் போய்விடும். 'கறிக்கு' என்றால் ஒரு விரல் கனத்துக்கும், 'பொரிக்க' என்றால் மெல்லிசாகவும் வெட்டுவார்கள். வஞ்சிரத்தைக் குழம்புக்கு மெல்லிசாக வெட்டினால் கொதியில் உடைந்து கரண்டியில் வராது.

கடைசியாக, 'கொஞ்சம் ஐஸ் போடுங்க அண்ணே' என்று கேளுங்கள். வீடு தூரமென்றால் குளிர்ப்பை கொண்டுவாருங்கள்.

விழா நாட்களில்

பொங்கலுக்கும் தீபாவளிக்கும் லிட்டில் இந்தியா முழுக்க விளக்கும் கடைகளுமாக இருக்கும். பார்க்கப் போவது வேறு, வாங்கப் போவது வேறு. இரண்டையும் ஒரே மாலையில் வைத்துக்கொள்ளாதீர்கள். தைப்பூசத்தன்று சிராங்கூன் சாலை பெருமாள் கோயிலிலிருந்து டேங்க் ரோடு தண்டாயுதபாணி கோயில் வரை காவடி போகும், வழியில் சாலைத் தடங்கள் மூடப்படும். அன்று மீன் வாங்கும் எண்ணம் வேண்டாம்.

நோன்பு மாதத்தில் கேலாங் செராய் சந்தைக்குப் போகிறவர்கள் மாலை 5 மணிக்குள் போய்விடுங்கள். நோன்பு திறப்பது ஏழு மணிக்குமேல்தான், ஆனால் ஆறு மணியிலிருந்தே வரிசை நீளும். நோன்பிருப்பவர்கள் நிற்கும் வரிசையில் மென்றுகொண்டே நிற்காமல், பொட்டலமாக வாங்கிப் போய் சாப்பிடுவது மரியாதை. 'தாபாவ்' என்று சொன்னால் போதும்.

தீபாவளி ஆட்டுக்கறியைக் கடைசி நாளுக்கு விட்டுவைக்காதீர்கள். இரண்டு நாள் முன்பே வாங்கி, ஒரு வேளைக்கு ஒரு பொட்டலமாகப் பிரித்து உறைய வையுங்கள். சமைப்பதற்கு முந்தின இரவு ஃப்ரிட்ஜின் கீழ்த்தட்டுக்கு மாற்றினால் காலையில் பதமாக இளகியிருக்கும்.