ஷஃபிள்போர்டு மேசை வாங்குமுன் குனிந்து பாருங்கள்

நீண்ட மரப்பலகை மீது வில்லைகளைத் தள்ளி ஆடும் விளையாட்டான ஷஃபிள்போர்டுக்குரிய போட்டித் தர மேசை 22 அடி நீளம் உடையது என்பதால், கோலாலம்பூரின் அடுக்குமாடி வீடுகளுக்கு 9 அல்லது 12 அடி மேசையே பொருந்தும். ஆடுபவர் நின்று உலோக வில்லையைத் தள்ள இரு முனைகளிலும் ஏறத்தாழ 2 அடி இடம் விட வேண்டும். வரவேற்பறையை அளப்பவர்கள் மின்தூக்கியை அளக்க மறந்துவிடுகிறார்கள்.

எனினும், நீளத்தைவிட நம் ஊர் ஈரப்பதமே பெரிய சிக்கல் என்பேன். மேப்பிள் மரப்பலகை ஈரத்தை உறிஞ்சி மெல்ல வளையும்போது, வில்லைகள் நேராக ஓடாமல் ஓரமாகச் சரியும். ஆகவே, பலகையின் அடியில் வளைவைத் திருத்தும் திருகுகளோடு கூடிய உலோகச் சட்டங்கள் உள்ளனவா என்று குனிந்து பார்த்த பிறகே விலை பேசுங்கள். அவை இல்லாத மேசை எவ்வளவு மலிவாக இருந்தாலும் வேண்டாம். பால்கனிக் கதவருகிலும் குளிரூட்டியின் நேர்க்காற்றிலும் மேசையை வைக்காதீர்கள்.