வெள்ளைச் சீருடையில் இரத்தக் கறையா?

பிள்ளையின் வெள்ளைச் சீருடையில் இரத்தம் பட்டால் முதலில் பச்சைத் தண்ணீரில் அலசுங்கள். பிறகு பாமசியில் கிடைக்கும் 3 வீத ஐதரசன் பெரொட்சைட்டைக் கறையின்மேல் விடுங்கள். சிறு சிறு குமிழாக வெள்ளை நுரை பொங்கும். ஐந்து நிமிடத்தில் பழந்துணியால் ஒற்றி எடுத்து, நிறம் மிஞ்சினால் இன்னொரு தடவை விட்டு, வழமைபோலச் சவர்க்காரம் போட்டுத் தோயுங்கள்.

இரத்தத்தில் உள்ள கற்றலேசு என்ற நொதியம் பெரொட்சைட்டைத் தண்ணீராகவும் ஒட்சிசனாகவும் பிரிக்கிறது. அந்த நுரை நூலிழைக்குள் போன இரத்தத்தைக் கிளப்பிவிடும். மிச்ச நிறத்தைப் பெரொட்சைட்டு வெளிற வைக்கும். சுடுதண்ணீர் மட்டும் வேண்டாம். அது இரத்தப் புரதத்தை உறைய வைத்துக் கறையைத் துணியோடு பிடிக்கச் செய்துவிடும்.

நிறத் துணிக்கு இது சரிவராது, சாயம் போய்விடும். பட்டுச் சேலைக்கும் கம்பளிக்கும் கிட்டவே கொண்டுபோகாதீர்கள். வேலிக் கம்பி பட்ட துருக் கறைக்கும் கூடாது. இரும்பு இருந்தால் அந்த இடத்தில் துணியே இற்றுப்போகலாம். வினாகிரியோடோ குளோரின் வெளிற்றியோடோ ஒருபோதும் கலக்க வேண்டாம்.

வெளிச்சம் பட்டால் பெரொட்சைட்டு வீரியம் இழக்கும், ஆகவே வாங்கிய கறுத்தப் போத்தலிலேயே வையுங்கள். பழைய போத்தல் என்றால், வெட்டிய பச்சை உருளைக்கிழங்கில் ஒரு சொட்டு விட்டுப் பாருங்கள். நுரைக்காவிட்டால் புதிதாக வாங்க வேண்டியதுதான்.